முப்பதாம் பங்கு

பெருநாள் காலை ஏழரை மணி. இரவெல்லாம் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்த போனை வயரில் மாட்டி உயிர்ப்பித்துவிட்டு ஸஃப்னா பெருநாள் இனிப்பான வட்டலாப்பத்தைத் துண்டு போட உட்கார்ந்தாள். இரண்டாவது துண்டு வெட்டும்போது போன் கீச்சிட்டது. பெருநாள் வாழ்த்துகளுக்கு அவள் வைத்திருந்த சத்தம் வேறு. இது வாச்சரின் சத்தம்.

வாச்சர் என்றதும் கேற்றடியில் கதிரை போட்டுத் தூங்கும் ஆளை நினைத்துவிட வேண்டாம். இது ஸஃப்னா எழுதிய புரோகிராம். தில்லையடியில் அவள் வேலை செய்யும் அகதிகள் ஆவண நிலையத்தின் கணினிகளுக்கு அதுதான் காவல். நிலையம் என்ற பெயர்தான் பெரிது, உள்ளே இருப்பது நான்கு பேரும் ஒரு பழைய ஏசியும். ஆனால் அங்கே இருந்த சேர்வர் சும்மா சாமான் இல்லை. தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் உடுத்த உடுப்போடு விரட்டப்பட்டுப் புத்தளக் கரையில் வந்திறங்கிய பதினோராயிரத்து நானூறு முஸ்லிம் குடும்பங்களின் விபரமும் அதற்குள் இருந்தது. பழைய காணி உறுதி, இப்போதைய வீட்டின் படம், எந்த லேன், எத்தனையாம் இலக்கம், போன் நம்பர், வீட்டில் யார் யார், எத்தனை குமர்ப்பிள்ளைகள் என்று ஒன்று விடாமல் எழுதியிருந்தது. விட்டுவந்த காணியை என்றைக்காவது உரிமையோடு கேட்க வேண்டுமே என்று நிலையத்தை நடத்தும் பதுர்தீன் சேர் பத்து வருடமாக வீடு வீடாக ஏறி இறங்கிச் சேர்த்தது அது.

வாச்சருக்குக் கள்ளனின் முகம் தெரியாது. அதற்குத் தெரிந்தது நேரம் மட்டுமே. யார் எந்த நேரம் கணினியைத் திறப்பார், எவ்வளவு வேலை செய்வார், எப்போது மூடுவார் என்று ஆறு மாதம் பார்த்துப் பார்த்துப் பழகிக்கொண்டது. பதுர்தீன் சேர் எட்டு மணிக்குத் திறப்பார், பத்து மணிக்குத் தேத்தண்ணிக்கு எழும்புவார். ஸ்கேன் எடுக்கும் நௌஃபர் பதினொரு மணிக்கு முன் ஒரு கடதாசியைத் தொட்டால் அதிசயம். அந்த நௌஃபர் ஸஃப்னாவின் புருசன்தான், அதனால் இதை அவளே சிரித்துக்கொண்டு எல்லோருக்கும் சொல்வாள். வெள்ளிக்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை ஆண்கள் ஜும்ஆவுக்குப் போய்விட, தட்டெழுதும் றஜிதாவின் கணினி மட்டும் பறக்கும். “ஆம்பிளையள் இல்லாத நேரத்திலதான் நெட்டும் ஒழுங்கா வேல செய்யுது” என்பாள் அவள். கற்பிட்டிப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண், வாய் கொஞ்சம் நீளம். இந்த வழமையிலிருந்து ஒரு கணினி விலகி நடந்தால் வாச்சர் அதற்குச் சேர்வரின் கதவைப் பூட்டிவிட்டு ஸஃப்னாவின் போனில் கீச்சிடும்.

நோன்பு வந்தால்தான் வாச்சருக்குக் கிறுக்குப் பிடிக்கும். நோன்பு பிடிக்குமுன் சாப்பிடுகிற ஸஹருக்கு ஊர் முழுக்க விடிய மூன்று மணிக்கே எழும்பிவிடுகிறதல்லவா. எழும்பியவர்கள் சும்மா இருப்பார்களா? பகலில் தலை சுற்றும் என்று வீட்டிலிருந்தே ஒபிஸ் வேலையைத் திறந்து கொஞ்சம் முடித்துவிட்டுத்தான் சுபஹு தொழுதுவிட்டுப் படுப்பார்கள். முந்தைய வருட நோன்பில் வாச்சர் போட்ட கூச்சலில் ஸஃப்னாவுக்கு முதல் மூன்று நாளும் ஸஹர் சோறு தொண்டையில் இறங்கவில்லை. அதனால் இந்த வருடம் ஒரு விதி எழுதினாள். நோன்பின் முப்பது நாளும், காலை மூன்றிலிருந்து ஐந்து வரை, நம்மாட்கள் யார் வந்தாலும் வாச்சர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அதை ஒபிசில் நான்கு பேர் கூட்டத்தில் பெருமையாக விளக்கியும் சொன்னாள். பதுர்தீன் சேர், “மாஷா அல்லாஹ், மெஷினுக்கும் நோன்பு படிப்பிச்சிட்டாய் மகள்” என்று தட்டிக் கொடுத்தார்.

நேற்று மாலை இருபத்தொன்பதாம் நோன்பு திறந்த கொஞ்ச நேரத்தில், கொழும்புப் பெரிய பள்ளிவாசலிலிருந்து பிறை கண்ட செய்தி வந்துவிட்டது. லேனில் தக்பீர் சத்தம் எழும்பியது. ஸஃப்னா செய்த முதல் வேலை அந்த விதியை அழித்ததுதான். நாளைக்கு யாரும் ஸஹருக்கு எழும்பப் போவதில்லை, பிறகு என்ன சலுகை?

இப்போது போனில் வந்திருந்த செய்தி இவ்வளவுதான்: ‘பதுர்தீன். காலை 3.40. வழமைக்கு மாறான நேரம். கதவு பூட்டப்பட்டது.’

முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. பெருநாளில் நோன்பு பிடிப்பது ஹராம் என்று சேருக்கு யாராவது சொல்லுங்களேன்! கத்தியைத் துடைத்துக்கொண்டே, போன் எடுத்து வாழ்த்தும் சொல்லி வம்பும் இழுக்கலாம் என்று நினைத்தாள். நினைத்த கையோடு வேறொன்றும் நினைவு வந்தது. சேருக்குக் கண் ஆப்பரேஷன் நடந்து இன்னும் கட்டு அவிழ்க்கவில்லை.

வட்டலாப்பத்தை அப்படியே மூடிவைத்துவிட்டு அறைக்குள் போய் லெப்டொப்பைத் திறந்தாள். நௌஃபர் பெருநாள் தொழுகைக்குப் போனவன், அப்படியே மையவாடிக் கல்லறைகளுக்கும் சொந்தக்காரர் வீடுகளுக்கும் போய்வர ஒன்பதாகும். மகள் நஸ்லா புதுச் சட்டையைக் காட்டப் பக்கத்து வீட்டுப் பளீலா ராத்தாவிடம் ஓடியிருந்தாள். வீட்டில் அவள் மட்டும்தான்.

விதி வாச்சரின் வாயைத்தான் மூடியிருந்தது. கண்ணை மூடவில்லை. நோன்பு முழுக்க அது பார்த்தது எல்லாம் பதிவில் இருந்தது, கேட்கத்தான் ஆள் இல்லை. பதுர்தீன் சேரின் பெயரை மட்டும் பிரித்தெடுத்து நாள் வாரியாக வரிசைப்படுத்தினாள்.

முதலாம் நோன்பு, 3.40, முன்னூற்று எண்பது குடும்பங்கள். இரண்டாம் நோன்பு, 3.40, முன்னூற்று எண்பது. மூன்றாம் நோன்பும் அப்படியே. விரலை வைத்து இறக்கிக்கொண்டே போனாள். ஒரு நாள் தவறவில்லை, ஒரு நிமிடம் பிசகவில்லை, ஒரு குடும்பம் கூடவில்லை, குறையவில்லை. மனிசன் என்றால் ஒரு நாள் தூங்கிப்போவான், ஒரு நாள் சோறு பிந்தும், ஒரு நாள் வயிற்று வலி. இது மனிசன் செய்கிற வேலையே இல்லை. யாரோ எங்கேயோ ஒரு கணினிக்கு நேரம் குறித்துக் கொடுத்து, சேரின் பாஸ்வேர்டையும் கொடுத்து, தினம் ஒரு கூறாக அள்ளச் சொல்லியிருக்கிறார்கள். அவள் வாச்சரை உறங்க வைத்த அந்த இரண்டு மணித்தியாலத்துக்குள்.

ஸஃப்னா மேலிருந்து இன்னொரு முறை எண்ணிப் பார்த்தாள். “யா அல்லாஹ், யா அல்லாஹ்” என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்த வருடம் எப்படிப்பட்ட வருடம் என்று தெரிந்தவர்களுக்கு அவளுடைய பயம் விளங்கும். ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டுகள் வெடித்தன. எங்கோ நாலு மிருகங்கள் செய்ததற்கு, தொப்பி போட்டவன், பர்தா போட்டவள் எல்லோரையும் நாடு முறைத்துப் பார்த்தது. நோன்பு தொடங்கி ஒரு கிழமையில் மாவட்டத்தின் தெற்குப் பக்கம் கும்பல்கள் இறங்கின. கடைகள் எரிந்தன, வீடுகள் உடைந்தன. எந்த வீடு முஸ்லிம் வீடு என்று வந்தவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்றுதான் எல்லோரும் குசுகுசுத்தார்கள். கையில் லிஸ்ட் இருந்ததாம் என்றார்கள். அது உண்மையோ பொய்யோ, புத்தளத்தில் அந்தச் சொல்லைக் கேட்டுப் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக் கதவடைக்காத தாய் இல்லை.

அப்படி ஒரு லிஸ்ட் வேண்டுமென்றால் இதைவிட நல்ல லிஸ்ட் எங்கே கிடைக்கும்? வீட்டின் படத்தோடு, லேனோடு, பெண்பிள்ளைகளின் வயதோடு.

பதுர்தீன் சேருக்குப் போன் எடுத்தாள். அவர் வாழ்த்துச் சொல்லி முடிக்குமுன் விசயத்தைக் கொட்டினாள்.

“என்ட பேரிலயா?” என்றார். “பதினேழாம் நோன்பில இருந்து நான் லெப்டொப்ப கண்ணாலயும் காணல்லயே மகள். கண்ணே இல்லயே காண.” பகிடி விட்டுப் பார்த்தார், குரல் ஒத்துழைக்கவில்லை. “எவ்வளவு போயிருக்கு?”

“பதினோராயிரத்து இருபது சேர். இருபத்தொன்பது நாளும் போயிருக்கு. இண்டைக்குத்தான் மறிச்சது.”

பிறகு அவர் நிதானமாகப் பேசினார்.

“கேளு மகள். எல்லாப் பள்ளிவாசலுக்கும் சொல்லோணும். கரைத்தீவு, தில்லையடி, வண்ணாத்திவில்லுப் பக்கம், ஒரு இடம் விடாம. ஆனா லிஸ்ட் போச்சு எண்டு மட்டும் சொன்னா சனம் வெருண்டு ரோட்டுக்கு வந்திரும், அது அதவிட மோசம். யார் எடுத்தது, எடுத்து யாரிட்டக் குடுத்தது, அது தெரியோணும். வக்கீலக் கூட்டிக்கொண்டு பெரிய இடத்தில முறைப்பாடு வைக்கலாம், எங்க காவல் போடுற எண்டு பாக்கலாம். ஆள் யாரெண்டு தெரிஞ்ச நிமிசம் எனக்குப் போன் எடு. பின்னேரம் அசர் தொழுகைக்கு முதல் தெரியோணும். இண்டைக்கு எல்லா வீட்டிலயும் பிள்ளையள் வெளியில.”

போனை வைத்ததும் அறை முன்பைவிடச் சின்னதாகிவிட்டதுபோல் இருந்தது. நஸ்லாவின் சிரிப்புச் சத்தம் பக்கத்து முற்றத்தில் கேட்கிறதா என்று ஒருமுறை காது கொடுத்துப் பார்த்துக்கொண்டாள்.

எங்கிருந்து வந்தார்கள் என்று தேடினாள். பதிவு சிங்கப்பூர் என்றது. அது சிங்கப்பூரும் இல்லை ஒன்றும் இல்லை. குண்டு வெடித்து அரசாங்கம் ஃபேஸ்புக்கை மறித்த நாளிலிருந்து ஊரில் மீன் விற்கிறவர் போனில்கூட இடத்தை மறைக்கிற வீபீஎன் இருந்தது. இடத்தை வைத்து ஆளைப் பிடிக்க முடியாது. நேரம்தான் மிச்சம்.

நேரத்தை வைத்து யோசித்தாள். முதல் நாளே, விதி தொடங்கிய அதே விடியலிலேயே தொடங்கியிருக்கிறது. ஆக, விதியைப் பற்றித் தெரிந்த ஆள். அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். சேர் இல்லை. அவள் இல்லை. நௌஃபர் அவளோடு ஒரே பாயில் ஸஹர் சாப்பிட்டவன். அடுத்தது றஜிதா.

இந்த நினைப்பு வந்ததும் ஸஃப்னா தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனால் வந்த நினைப்பு போகவில்லை. முப்பது நாளுக்கு என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். இருபத்தொன்பதில் பிறை தெரிந்தால் நோன்பு முடிந்துவிடும் என்பது முஸ்லிம் வீட்டுச் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். பெருநாளும் அதுவுமாக ஸஹர் நேரத்தில் எழும்பி மாட்டிக்கொண்டது என்றால், அது நோன்பு பிடிக்காத ஆளின் பிழைதானே? அதுமட்டுமா? றஜிதாவின் மச்சாள் அந்த ஞாயிற்றுக்கிழமை நீர்கொழும்புப் பக்கம் பூசைக்குப் போனவள், பிள்ளையோடு பெட்டியில்தான் வந்தாள். அதன்பிறகு றஜிதா ஒபிசில் முன்புபோல் வாய் காட்டவில்லை. ஆத்திரம் இருக்காதா?

பயந்த மனசு எவ்வளவு கெதியாக ஒரு குற்றவாளியைப் பிடித்துவிடுகிறது, பாருங்கள்! அவள் றஜிதாவுக்குப் போன் எடுத்தாள்.

“ஈத் முபாரக்டி!” என்றாள் றஜிதா. “வட்டலாப்பத்தில எனக்கும் ஒரு துண்டு வச்சிருக்கிறியா, இல்ல உன்ட மனுசன் முடிச்சிட்டாரா?”

“றஜிதா, சேரிட பாஸ்வேர்ட் உனக்குத் தெரியுமா?”

“தெரியாது. ஏன், என்ன நடந்தது?”

ஸஃப்னா சொன்னாள். முன்னூற்று எண்பது என்றும், முப்பது நாள் என்றும், இன்று காலை மாட்டியது என்றும் சொல்லிவிட்டு, நாக்கைக் கடிக்காமல் அடுத்ததையும் சொன்னாள். “இருபத்தொன்பதில முடியும் எண்டு தெரியாத ஆக்கள்தான் இதச் செய்திருக்கோணும்.”

“அதாவது நான்” என்றாள் றஜிதா.

“நான் அப்பிடிச் சொல்லல்ல...”

“சொன்னாய். மச்சாளயும் பிள்ளையையும் தாட்டுப்போட்டு ஏழாம் நாள் உன்ட பக்கத்துக் கதிரையில வந்து இருந்தவள் நான். எங்கட ஊரில எத்தின பேர் மறிச்சாங்கள் தெரியுமா, அவங்கட ஒபிசுக்குப் போகாத எண்டு? அவள் ஸஃப்னா அப்பிடியில்ல எண்டு சண்ட பிடிச்சிட்டு வந்தன்.” அவள் அழுகிறாளா கோபத்தில் மூச்சு வாங்குகிறாளா என்று தெரியவில்லை. “ஒண்டு கேக்கிறன், யோசிச்சுப் பார். நான் களவெடுக்கிறதெண்டா பத்தாப் பிரிப்பன், இருபதாப் பிரிப்பன். சரியா முப்பது பங்கா ஏன் பிரிக்கிறன்? குர்ஆன முப்பது பங்காப் பிரிச்சு, நோன்புக்கு நாளைக்கு ஒரு பங்கு ஓதி முடிக்கிறது நானா, நீங்களா? நீதானே எனக்கு அதச் சொல்லித் தந்தாய்.”

போன் வெட்டுப்பட்டது.

வெட்கம் முகத்தைச் சுட்டது. அதைவிட, றஜிதா சொன்னது நெஞ்சுக்குள் போய் இறங்கியது. தினம் ஒரு ஜுஸ்உ. முதல் பிறையில் தொடங்கி நாளைக்கு ஒரு பங்காகக் கத்தம் முடிக்கிற பழக்கம் கைக்குள் ஊறிய ஒருவன்தான் பதினோராயிரத்து நானூறையும் கண்ணை மூடிக்கொண்டு முப்பதாக வெட்டுவான். ஆள் எங்கள் ஆள்தான்.

பங்குகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். இலக்க வரிசையில், குடியிருப்புக் குடியிருப்பாக ஒழுங்காகப் போயிருந்தது. ஒன்பதாம் பங்குவரை ஒரு பிசகும் இல்லை. பத்தாம் பங்கில் ஒரு பள்ளம் இருந்தது. நடுவில் முன்னூற்றெண்பது இலக்கங்களைத் தாண்டிக் குதித்து, அதற்குப் பிறகு உள்ளவை முன்னால் வந்திருந்தன. தாண்டிய இலக்கங்கள் எங்கே என்று தேடினாள். இன்று காலை வாச்சர் கதவைப் பூட்டுமுன் கேட்கப்பட்டிருந்த முப்பதாம் பங்கில் இருந்தன.

தில்லையடி. ஐந்தாம் லேன், ஆறாம் லேன், ஏழாம் லேன். பளீலா ராத்தாவின் வீடு. எதிர்த்த வீட்டு லாபிர் நானா. அதற்குக் கீழே ஒரு வரி: நௌஃபர், மனைவி ஸஃப்னா, மகள் நஸ்லா வயது ஐந்து.

யாரோ இந்த மூன்று லேனையும் மட்டும் வரிசையிலிருந்து உருவியெடுத்துக் கடைசியில் கொண்டுபோய்ச் செருகியிருந்தார்கள். இந்த லேன்களின்மேல் அவ்வளவு இரக்கப்படுகிற ஆள், அந்த நான்கு பேரில் ஒருவன்தான் இருந்தான்.

அவள் அப்படியே கட்டிலில் உட்கார்ந்தாள். நோன்புக்கு ஐந்து நாள் முன்பு நடந்ததெல்லாம் படபடவென்று வந்தது. ஆமியும் பொலிசும் வீடு வீடாகச் சோதனை. புத்தக அலுமாரியில் அரபு எழுத்தில் ஒரு பழைய கிதாபு. அதற்காக நௌஃபரைக் கொண்டு போனார்கள். அதே கிதாபு இருந்த மற்ற வீட்டு ஆட்கள் எல்லோரும் இன்றுவரை உள்ளேதான். நௌஃபர் மட்டும் மூன்றாம் நாள் திரும்பி வந்தான். ஏன் விட்டார்கள் என்று அவள் கேட்கவில்லை. இரண்டு றக்அத் தொழுது அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னாள், அவ்வளவுதான். சேரின் கண் மங்கத் தொடங்கிய நாளிலிருந்து அவருடைய பாஸ்வேர்டைப் போட்டுத் திறந்து அவருக்குத் தட்டச்சு செய்து கொடுத்தது யார் என்பதும் இப்போதுதான் ஞாபகம் வந்தது.

“ஸஃப்னா! ஈத் முபாரக்! எங்க என்ட பிள்ள?”

நௌஃபர் வாசலில் செருப்பைக் கழற்றினான். அத்தர் வாசம் அவனுக்கு முன்னால் அறைக்குள் வந்தது. புது வெள்ளைச் சேட்டு, அவள் தைக்கக் கொடுத்து வாங்கியது. திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுடைய சிரிப்பு முகத்திலிருந்து மெதுவாக இறங்கியதை அவள் பார்த்தாள். அவன் பொய் சொல்ல வேண்டும் என்று அந்த ஒரு நொடி அவள் எவ்வளவு ஆசைப்பட்டாள்!

“இண்டைக்கும் ஓடினதா?” என்றான்.

அவ்வளவுதான். ஏதோ கொஞ்சம் மிச்சம் இருந்ததும் போய்விட்டது.

“பெருநாளைக்கு ஸஹருக்கு எழும்பினது” என்றாள் ஸஃப்னா. “நீங்க முப்பது எண்டு போட்டிருந்தீங்க. அது முப்பது மட்டும் எண்ணும்.”

“முப்பதாவதக் குடுக்க நான் நினைக்கல்ல. நிப்பாட்டத்தான் இருந்தன். நேத்துப் பிறை கண்டதும், எல்லாம் முடிஞ்சது எண்டு என்ட மனசு விட்டிட்டுது. நோன்பு முடிஞ்சா அதுவும் முடிஞ்சது எண்டுதான்...” அவன் சுவரில் சாய்ந்தான். “மெஷின் பிறை பாக்காது எண்டு எனக்கு ஓடவே இல்ல.”

“எங்க இருக்கு அது?”

அவன் வாயால் சொல்லவில்லை. பக்கத்து அறை அலுமாரியின் மேலே பார்த்தான். அங்கே பழைய தொழுகைப் பாய் ஒன்று சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அதற்குப் பின்னால் ஒரு வயர் இறங்கியது. போன வருடம் கெட்டுவிட்டதாகச் சொல்லி ஓரம் கட்டிய லெப்டொப். இருபத்தொன்பது நாளும், அவர்கள் இரண்டு பேரும் அந்த அலுமாரிக்குக் கீழே பாய் விரித்து உட்கார்ந்து ஸஹர் சாப்பிட்டிருக்கிறார்கள். அவள் அவனுக்குக் கறி ஊற்றிய நேரத்தில் அது மேலே இருந்து ஊரை அள்ளிக்கொண்டிருந்திருக்கிறது.

“யாரிட்டக் குடுத்தீங்க?”

“தெரியாது.”

“தெரியாதா?”

“சத்தியமாத் தெரியாது. ரெண்டாம் நாள் ஒரு மாத்தயா வந்தார், பெரிய ஒபிசர் மாதிரி. யூனிபோம் இல்ல. எந்த ஒபிஸ் எண்டு சொல்லல்ல. என்ட பேர், உன்ட பேர், உன்ட வேல, நஸ்லா எந்த நேசரிக்குப் போறா எண்டதும் தெரிஞ்சிருந்திச்சு. நல்ல மாதிரித்தான் கதைச்சார். வருசக்கணக்கில உள்ளுக்குக் கிடக்கப் போறியா, இல்ல உங்கட ஒபிசில இருக்கிற லிஸ்ட அனுப்பப் போறியா எண்டு கேட்டார். ஒரு கடதாசியில அனுப்புற அட்ரஸ எழுதித் தந்தார். அடுத்த நாள் விட்டுட்டாங்க.” அவன் தரையில் குந்தினான். “மத்தவங்கள அந்த ரூமில என்ன செய்தாங்க எண்டு நீ கேக்கல்ல ஸஃப்னா. நான் கேட்டன். சத்தம் கேட்டன். எனக்குத் துணிவு இல்ல. நான் பயந்த ஆள், உனக்குத் தெரியும்தானே.”

அவளுக்கு அவன்மேல் இரக்கமும் வந்தது, அவனை அறைய வேண்டும் என்றும் வந்தது. எது முதலில் வந்தது என்று சொல்ல முடியாது.

“கரைத்தீவுல என்ட உம்மாட வீடு?”

அவன் தலை நிமிரவில்லை.

“சொல்லுங்க. எந்த நாள்?”

“நாலாம் நோன்பு.”

“சேரிட வீடு?”

“பதினோராம் நோன்பு.”

“உங்கட ராத்தா? மூண்டு குமரோட இருக்கிற, உங்கட கூடப் பிறந்த ராத்தா?”

“இருபதாம்...” என்று தொடங்கி அவன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். “இருபதாம் நோன்பு. அவட வீட்ட எடுத்து ஒதுக்க இடம் இருக்கல்ல. பங்குக்கு முன்னூத்தெம்பதுதான்.”

நாலாம் நோன்பன்று உம்மா இங்கே கஞ்சி கொண்டுவந்தாள். இவன்தான் கேற்றைத் திறந்து, “வாங்க மாமி” என்று சட்டியைக் கையில் வாங்கினான். அதை நினைத்துக்கொண்டே ஸஃப்னா கட்டிலை விட்டு இறங்கினாள். போனைத் தேடி எடுத்தாள். இரண்டு முறை விரல் பிழையான இடத்தில் பட்டது.

நௌஃபர் எழும்பினான். “சேருக்கா?”

“ஓம்.”

“நீ என்ட பேரச் சொன்னா, முறைப்பாட்டில என்ட பேர் வரும். அந்த ஆளுக்கு நான் கதைச்சிட்டன் எண்டு தெரிஞ்சிடும். இந்த முறை என்னக் கொண்டு போனா...” அவன் முடிக்கவில்லை. “மிச்ச முன்னூத்தெம்பதும் போகல்லதானே. எங்கட வீடு அதில இல்லதானே. வேற யாரோ வெளியால வந்து எடுத்தது எண்டு சொல்லு. உன்ன எல்லாரும் நம்புவாங்க ஸஃப்னா.”

அதுதான் பயங்கரம். நம்புவார்கள். பதிவை அழிப்பதற்கு அவளுக்கு ஐந்து நிமிடம் போதும், சிங்கப்பூர் என்று சொன்னால் சேரும் சிங்கப்பூர் என்றே நம்புவார். நஸ்லாவுக்கு வாப்பா இருப்பான். அவளுக்குப் புருசன் இருப்பான். பிறகு ஒரு நாள், எந்தக் கிழமையோ, கரைத்தீவில் உம்மாவின் கதவை யாராவது தட்டினால், தட்டுகிறவர்களின் கையில் கதவின் படமும் இருக்கும்.

“உம்மா அங்க தனிய இருக்கிறா” என்றாள். அவளால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான். எடுத்தாள்.

ஒரே மணியில் பதுர்தீன் சேர் தூக்கினார். “சொல்லு மகள். ஆள் தெரிஞ்சதா?”

நௌஃபர் அவள் கையிலிருந்து போனைப் பறிப்பான் என்று ஒரு கணம் பயந்தாள். பறிக்கவில்லை. புதுச் சேட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தான். கழற்றி, மடித்து, கட்டிலில் வைத்தான். கொடியில் கிடந்த பழைய சேட்டை எடுத்துப் போட்டுக்கொண்டான். போனமுறை காவலிலிருந்து அவன் திரும்பி வந்தபோது போட்டிருந்த சேட்டை எரிக்க வேண்டியிருந்தது. அதைத்தான் யோசித்திருப்பான்.

“தெரிஞ்சது சேர்” என்றாள். “நௌஃபர்.”

சேர் எந்த நௌஃபர் என்று கேட்கவில்லை. பின்னணியில் அவர் வீட்டில் பேரப்பிள்ளைகள் பெருநாள் காசு கேட்டுச் சண்டை பிடிக்கிற சத்தம் வந்தது.

“பக்கத்தில நிக்கிறானா?”

“ஓம் சேர்.”

“ஓடுவானா?”

அவள் நௌஃபரைப் பார்த்தாள். அவன் கட்டில் ஓரத்தில், பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஆள்போல், இரண்டு கையையும் தொடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“இல்ல சேர்.”

“நான் வக்கீலயும் கூட்டிக்கொண்டு வர ஒரு மணித்தியாலம் செல்லும்” என்றார் பதுர்தீன் சேர். “சாப்பிட்டானா?”

“இன்னும் இல்ல.”

“சாப்பாடு குடு மகள். பெருநாள் சோறு திண்டுட்டு வரட்டும்.”

ஸஃப்னா குசினிக்குப் போனாள். சட்டியின் மூடியைத் திறந்து, இறைச்சித் துண்டாகப் பார்த்துப் பொறுக்கி, ஒரு பெரிய கோப்பை நிறையச் சோறு போட்டாள். பாதி தரையில் விழுந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு, கோப்பையைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.